தொடக்கூடாத பெட்டி

வெங்கடராமனுக்குக் கீழே அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். இதை அவரே சொல்லியிருக்கிறார், ஒரு தடவை அல்ல. அப்படிப்பட்ட மென்பொருள் மேலாளர் ஆவணி மாதம் பூராவும் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோப்பு டப்பா அளவுள்ள ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை விஜி தினமும் பார்த்தாள். பார்க்காமல் இருக்க வழியில்லை. அவள் பெருக்க வேண்டிய இடத்தின் நட்டநடுவில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

விஜி பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவிலிருந்து நடந்து வருகிறவள். ஈஜிபுராவில் அந்த ஒரு கட்டடத்திலேயே அவளுக்கு நான்கு வீடு. காலை ஏழரைக்கு இரண்டாம் மாடி வெங்கடராமன் வீடு. அது முடிந்ததும் மூன்றாம் மாடி லட்சுமம்மா வீடு. அதற்கு மேலே இன்னும் இரண்டு. பாத்திரம், பெருக்கல், துடைத்தல். மூன்று வருஷமாக இதே வரிசை. ஒரு டம்ளர் உடைத்தாள் என்ற பேச்சுகூட எந்த வீட்டிலும் வந்ததில்லை.

அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை டிவியோடு சேர்த்துவிட்டால் படம், பாட்டு, போட்டோ எல்லாம் பெரிய திரையில் வந்துவிடுமாம். இதே வேலையைச் செய்கிற பெட்டி கடையில் தயாராகக் கிடைக்கிறது. வாங்கி வந்து மாட்டினால் பத்து நிமிஷம். ஆனால் கடையில் வாங்கி மாட்டுகிறவர்களை வெங்கடராமன் மனிதர்களாகவே சேர்த்துக்கொள்வதில்லை.

“ரெடிமேட் பெட்டி கம்பெனிக்காரன் சொல்றபடி கேக்கும் விஜி. இது நான் சொல்றபடி கேக்கும்” என்றார் ஒரு நாள்.

கேட்டதாகத் தெரியவில்லை. முதல் வாரம் திரை கறுப்பாகவே இருந்தது. இரண்டாம் வாரம் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் வாரம் சத்தம் வந்து, உதடு அசைந்து முடிந்த பிறகு பேச்சு கேட்டது. விஜியின் தம்பி பிரகாஷ் ஒரு பென் டிரைவை டிவியின் முதுகில் செருகிவிட்டு, காலை நீட்டிப் படுத்துப் படம் பார்க்கிறான். அதைச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகாவது மனிதர் எழுந்திருப்பார் என்று பார்த்தால், அலங்காரம் ஆரம்பமானது. திரையின் பின்னணிக்கு நீலம் வேண்டும். எந்த நீலம் என்று தீர்மானிக்க மூன்று நாள். எழுத்து உருண்டையாக இருக்க வேண்டுமா, ஒல்லியாக இருக்க வேண்டுமா என்பதற்கு இரண்டு நாள். பெட்டியை முடுக்கினால் முதலில் ஒரு சிவப்புத் திரைச்சீலை இரண்டு பக்கமும் விலகும், மணி ஒன்று அடிக்கும், தங்க எழுத்தில் ‘வெங்கட் டாக்கீஸ்’ என்று வரும். அந்த மணியை மட்டும் விஜி ஒரே காலையில் இருபத்தேழு தடவை கேட்டிருக்கிறாள். எண்ணியது வெட்டி வேலைதான், ஆனால் அந்த வீட்டில் அன்று எல்லோருமே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆயிரத்து நானூறு படங்கள். ஒவ்வொன்றுக்கும் போஸ்டர், இயக்குநர் பெயர், வருஷம். பெட்டி தானாகவே இவற்றைத் தேடி ஒட்டிக்கொள்ளும் என்றார். அது ஒரு தமிழ் பக்திப் படத்துக்கு எங்கேயோ கிடந்த குரங்கு கார்ட்டூன் போஸ்டரை ஒட்டிவைத்திருந்தது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினார். ரிமோட்டில் இருந்த பட்டன்களின் வேலையையும் மாற்றினார். சிவப்பை அழுத்தினால் பின்னால் போகும், பச்சையை இரண்டு தடவை அழுத்தினால் பாட்டு வரும். இது அவர் ஒருவருக்குத்தான் மனப்பாடம். அவர் மனைவி லாவண்யா பார்க்கிற சீரியல் ‘மற்றவை’ என்ற அறைக்குள், அதற்குள் இன்னொரு அறைக்குள், ஏழாவது பட்டனில் இருந்தது. லாவண்யா மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, போனிலேயே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

இருந்ததிலேயே அவருக்குப் பெருமையான விஷயம் போட்டோ. வீட்டிலுள்ள போன்களில் எடுக்கிற போட்டோ எல்லாம் தானாகவே பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிடும். பெட்டியை ஐந்து நிமிஷம் யாரும் தொடாமல் விட்டால், கடைசி நாளில் தொடங்கி நாள் நாளாகப் பின்னால் போய், ஒன்றன்பின் ஒன்றாகத் திரை முழுக்க ஓடும். எடுத்த தேதியும் நேரமும் ஓரத்தில் வரும்.

“யாரும் எதுவும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தா போதும்” என்றார்.

விஜிக்கும் அந்தப் பெட்டி சம்பந்தமாகச் சட்டங்கள் உண்டு. துடைக்கும்போது அதைத் தொடக்கூடாது. தொடக்கூடாது என்பது மட்டுமல்ல, அது இருக்கிற பலகையிலேயே கை வைக்கக்கூடாது. சூடாகிறது என்று அவர் அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே பச்சைத் தகடும் கம்பி முனைகளும் அப்படியே தெரியும். வீட்டு ஆட்களுக்கு இன்னொரு சட்டம்: எண்ணெய்க் கையோடு ரிமோட்டைத் தொடக்கூடாது. பெட்டியைத் தொட்டால் கெட்டுவிடும், ரிமோட்டைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். விஜி தலையாட்டினாள். அவளுக்கு அதைத் தொட வேண்டும் என்று எந்த ஆசையும் இல்லை. வீட்டு வேலைக்காரியிடம் எதைத் தொடக்கூடாது என்று சொல்லும்போது சிலருக்கு முகத்தில் ஒரு களை வரும். அதுதான் அவளுக்குச் சகிக்கவில்லை.

இப்படியாக ஆயுத பூஜை வந்தது. விஜி வழக்கம்போல இரண்டு நாள் லீவு எடுத்தாள். அவர்கள் பௌத்தக் குடும்பம். அவள் அப்பா காலத்திலேயே வீட்டிலிருந்து குங்குமச் சிமிழ் போய்விட்டது. விஜயதசமி அன்று அவர்களுக்கும் பெரிய நாள். அன்றைக்குத்தான் லட்சக்கணக்கான ஜனங்கள் பௌத்தம் தழுவினார்கள் என்று தெருவில் ஊர்வலம், புத்த விகாரில் சாப்பாடு. முந்தின நாள் கூட்டிப் பெருக்கி, காய் நறுக்கவே சரியாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாவண்யா அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, “கிறிஸ்டியனா?” என்று கேட்டாள். விஜி விஷயத்தைச் சொன்னாள். லாவண்யா “ஓ” என்று சொல்லி மறந்துபோனாள்.

புதன், வியாழன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை வந்தபோது வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது. அடுப்புக்கு, மிக்ஸிக்கு, வாஷிங் மெஷினுக்கு. மூடியில்லாத அந்தப் பெட்டிக்கும் இருந்தது. பச்சைத் தகட்டின் மேல் கெட்டியாக மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், மேலே ஒரு மஞ்சள் செவ்வந்தி. மற்றவற்றுக்கெல்லாம் அவசரமாக இழுத்துவிட்ட பொட்டு. இதற்கு மட்டும் அளந்து வைத்ததுபோல் உருண்டையாக இருந்தது. விஜிக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

சனிக்கிழமை மாலை ‘வெங்கட் டாக்கீஸ்’ திறப்பு விழா. வெங்கடராமனுக்கு நான்கு நண்பர்கள், எல்லோரும் அதே கட்டடம். உலக சினிமா பார்ப்பார்கள். கோயில், ஜோசியம், ராகு காலம் என்று யாராவது வாயெடுத்தால் கிழித்துத் தொங்கப்போடுவார்கள். அதில் சாமிநாதன் என்பவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அன்று விஜி அங்கே இல்லை. நடந்ததை அவள் திங்கட்கிழமை தெரிந்துகொண்டாள், அதுவும் கேட்டில்.

“விஜியம்மா, உன் பேர்ல ஒரு கம்ப்ளெயின்ட் விழுந்திருக்குது” என்றார் காவலாளி அய்யாவு. நல்ல மனிதர். தன் போனைத் திருப்பிக் காட்டினார்.

கட்டடத்துக்குள் யார் வந்தாலும் போனாலும் ஒரு ஆப்பில் பதிய வேண்டும். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அதில் போட்டோ, வந்த நேரம், போன நேரம், வேலை பார்க்கிற வீடுகள் கொடுத்த ஸ்டார். வேறு கட்டடத்துக்கு வேலை கேட்டுப் போனாலும் அங்கேயும் இதே ஆப்தான், இதே பக்கம்தான். விஜியின் போட்டோவுக்குப் பக்கத்தில் இப்போது சிவப்பாக ஒரு முக்கோணம் இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி. விஜி பத்தாவது வரை படித்தவள், மெதுவாகப் படித்தாள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் மூடநம்பிக்கையால் மின்கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் பூசுகிறார்கள். இருநூற்று நான்காம் வீட்டில் விஜி என்பவரால் ஒரு கருவி பாழாகிவிட்டது. எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கவும். செயலாளர், சாமிநாதன்.

“நா அன்னிக்கு வேலைக்கே வரலியே அண்ணா.”

“எனக்குத் தெரியாதா? புதன், வியாழன் ரெண்டு நாளும் உனக்கு என்ட்ரியே இல்ல. இதோ அதே ஆப்லதான் இருக்குது” என்று அய்யாவு விரலால் தள்ளிக் காட்டினார். “யாரு பாக்கறாங்க.”

யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் மாடியில் லட்சுமம்மா கதவைப் பாதி திறந்து, “ஸ்வல்ப தின பேடம்மா” என்றாள். கொஞ்ச நாள் வேண்டாமாம். கோபமாகச் சொல்லவில்லை, ஜுரம் வந்தவளிடம் சொல்வதுபோல் அன்பாகத்தான் சொன்னாள். அவள் வீட்டில் புது வாஷிங் மெஷின். விஜி கன்னடத்திலேயே, அன்று நான் வரவே இல்லை, வேண்டுமானால் ஆப்பில் பாருங்கள் என்றாள். ஆப்பில்தானே போட்டிருக்கிறது என்று சொல்லி லட்சுமம்மா கதவைச் சாத்தினாள். புதன்கிழமைக்குள் நான்காம் மாடியும் நின்றுபோனது. நான்கு வீடு இரண்டானது. இன்னொரு கட்டடத்தில் போய்க் கேட்கலாமென்றால், அங்கேயும் அந்த முக்கோணம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். திருடி என்று சொல்லியிருந்தால்கூட மறுத்துச் சண்டை போடலாம். குங்குமம் வைத்தாள் என்பதற்கு எப்படிச் சண்டை போடுவது?

லாவண்யாதான் சமையலறையில் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். “பொட்டு வெச்சது அவர்தான். வேஷ்டி கட்டிட்டு, மந்திரமெல்லாம் சொல்லி. மாயவரத்துல அத்தை போட்டோ கேட்டாங்க, நான்தான் எடுத்து அனுப்புனேன். சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கன்ன உடனே, பாத்தா சிரிப்பாங்கன்னு ஈரத் துணிய எடுத்து அதைத் துடைச்சாரு. தகட்டு மேலயே. அப்பறம் ஸ்விட்ச் போட்டாரு, ஒரு நாத்தம் வந்துச்சு, போயிடுச்சு. சாமிநாதன் குனிஞ்சு பாத்து, என்னடா உள்ள செவப்பா இருக்குன்னு கேட்டாரு. இவர் டக்குனு...”

“என் பேரச் சொல்லிட்டாரு.”

“நீ மனசுல வெச்சுக்காத விஜி. யார்கிட்டயும் சொல்லிடாத.”

விஜி நேராகக் கூடத்துக்குப் போனாள். வெங்கடராமன் புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பழையது போனதோடு அவர் ஆவணி மாதம் பூராவும் செய்த அலங்காரமும் போய்விட்டது. நகல் எடுத்து வைக்கவில்லை. அறுபது பேரை மேய்க்கிறவர்.

“சார், ஆப்ல என் பேரு போட்டிருக்காங்க.”

அவர் நிமிரவில்லை. “பாரு விஜி, நான் உன் பேரைச் சொல்லவே இல்ல. மெய்டுன்னுதான் சொன்னேன். சாமிநாதன்தான் பேரைத் தேடிப் போட்டுட்டான். கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க.”

“நா அந்த ரெண்டு நாளும் வரவே இல்ல சார்.”

இப்போது நிமிர்ந்தார். முகத்தில் உண்மையாகவே ஆச்சரியம். “வரலையா?”

மூன்று வருஷமாக அவர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பெருக்குகிறாள். அவள் வந்தாளா வரவில்லையா என்பதுகூட இந்த மனிதருக்குத் தெரியாது. பொய்யையாவது விசாரித்துச் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட அவள் பெறுமானமில்லை. அந்தத் தலையில் விளக்குமாற்றைப் போட்டுவிடுவோமோ என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“நான் சாமிநாதன்கிட்ட பேசறேன்” என்றார். பேசவில்லை.

புதுப் பெட்டி இரண்டு வாரத்தில் தயாரானது. அதே நீலம், அதே திரைச்சீலை, அதே மணி. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மறுபடியும் திறப்பு விழா என்று ஏற்பாடு. அன்று மாலை வந்து பஜ்ஜி போட்டுத் தரும்படி லாவண்யா கேட்டாள். வர முடியாது என்று சொல்லத்தான் விஜி நினைத்தாள். வேலையை முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை கூடத்தில் யாரும் இல்லை. வெங்கடராமன் ஏதோ வயர் வாங்கப் போயிருந்தார், லாவண்யா குளித்துக்கொண்டிருந்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, திரையில் போஸ்டர்கள் வரிசையாக நின்றன. விஜி சோபாவுக்கு அடியில் பெருக்கி நிமிர்ந்தபோது போஸ்டர்கள் மறைந்து போட்டோ வந்தது. லாவண்யாவின் தீபாவளிப் புடவை. அடுத்தது முறுக்கு டப்பா. ஆபீஸ் பார்ட்டி. இன்னும் என்னென்னவோ, கடைசியில் கழுத்துவலி பெல்ட் போட்ட வெங்கடராமன். ஒன்பது போட்டோ போயிற்று. பத்தாவதில் விஜி அப்படியே நின்றுவிட்டாள்.

வெங்கடராமன் பஞ்சகச்சமும் வெற்று உடம்புமாக, நெற்றியில் பட்டை போட்டு, பழைய பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். மோதிர விரல் பச்சைத் தகட்டின் மேல் இருந்தது. வாய் மந்திரம் சொல்கிற வாக்கில் திறந்திருந்தது. ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் குங்குமம் ஒவ்வொரு துகளாகத் தெரிந்தது. ஓரத்தில் புதன்கிழமை, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம் என்று அவரே ஏற்பாடு செய்த எழுத்து. பதினோராவது போட்டோவில் அவர் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினார்.

லாவண்யா எடுத்து மாமியாருக்கு அனுப்பிய போட்டோ. போன்களில் இருக்கிற எல்லாம் புதுப் பெட்டிக்குள்ளும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. அவர் சொன்னபடியே கேட்டிருந்தது.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. விஜி குனிந்து பெருக்கினாள். சாயங்காலம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று லாவண்யாவிடம் கேட்டாள்.

ஐந்து மணிக்கு நான்கு பேரும் வந்தார்கள். மணி அடித்தது, திரைச்சீலை விலகியது, கை தட்டினார்கள். ஏதோ பாலைவனத்தில் ஒரு ஆள் நடந்துகொண்டே இருக்கிற படம். ஒரு மணி நேரம் நடந்தான். ஆறு மணிக்கு வெங்கடராமன் இடைவேளை விட்டார். படத்தை நிறுத்தி, நீலப் பின்னணியை எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று முதல் திரைக்கு வந்து வைத்தார்.

விஜி சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு ஒன்பது போட்டோ. நடுவில் எவனாவது ஒரு பட்டனைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

முதல் தட்டை எடுத்து வந்தாள். வாழைக்காய் பஜ்ஜி, வழக்கமாக வடிதட்டில் போட்டு எண்ணெய் இறக்கித்தான் வைப்பாள். இன்று சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு. பேப்பர் நாப்கின் கட்டை மட்டும் சமையலறையிலேயே புடவைக் கொசுவத்தில் செருகிக்கொண்டாள். சாமிநாதன் ரிமோட்டுக்குக் கை நீட்டினார், ஆயிரத்து நானூறு படங்களில் ஏதோ ஒன்று இருக்கிறதா பார்க்க வேண்டுமாம். விஜி அவர் நீட்டிய கையிலேயே பஜ்ஜியை வைத்தாள்.

“சூடா சாப்புடுங்க சார்.”

“எண்ணெய்க் கையோட ரிமோட்டைத் தொடாதடா” என்றார் வெங்கடராமன், தானும் ஒரு மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே.

“டிஷ்யூ கொண்டா விஜி” என்றார் அவரே.

“எடுத்துட்டு வரேன் சார்” என்று சமையலறைக்குப் போய், இரண்டாவது ஈடைப் போட்டாள். மிளகாயைத் திருப்பிவிட்டாள். லாவண்யா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் வெங்கடராமனின் குரல் ஏறியது. பழைய பெட்டி செத்த கதையை யாரோ மறுபடி கேட்டிருந்தார்கள்.

“ரெண்டு மாச உழைப்பு. ஒரு சிட்டிகை குங்குமத்துல போச்சு. நாம என்னதான் படிச்சு என்ன பண்றது, வீட்டுக்குள்ள பதினெட்டாம் நூற்றாண்டுதான் வந்து பாத்திரம் தேய்க்குது.”

சிரித்தார்கள். விஜி கடிகாரத்தைப் பார்த்தாள். எண்ணெய் பொங்கி அடங்கியது.

கூடத்தில் வெளிச்சம் மாறியது. “ஓ, போட்டோ ஷோ” என்றார் யாரோ. “பாருங்க, இது என் சொந்த ஐடியா” என்றார் வெங்கடராமன். புடவை, முறுக்கு, பார்ட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொன்னார். விஜி இரண்டாவது தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்றாள். கழுத்துவலி பெல்ட் வந்தபோது அவர் பேச்சு நின்றது. அவருக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. எண்ணெய்க் கையோடேயே ரிமோட்டின் மேல் பாய்ந்தார். அது வழுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. அவர் தரையில் குப்புற விழுந்து கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்கு மேலே அவரே பஞ்சகச்சத்தோடு எழுந்தருளினார்.

பத்து நொடி திரையில் அப்படியே நின்றார். அடுத்து கற்பூரம்.

“டேய்” என்றார் சாமிநாதன். “நீயா?”

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள். ஒருவர் சோபாவில் சரிந்தார், ஒருவருக்குப் புரை ஏறியது. மந்திரம் சொல்லிக் காட்டு என்றார்கள், தட்சிணை எவ்வளவு என்றார்கள். வெங்கடராமன் தூசி ஒட்டிய கையோடு எழுந்து, அம்மாவுக்காகச் செய்தது, வயசானவர்கள் மனசு கஷ்டப்படக்கூடாது என்று ஏதோ சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், “சரி, அடுத்த பிளேட் வரட்டும்” என்றார் ஒருவர்.

அவ்வளவுதான். விஜி வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் அவள் ஞாபகமில்லை. பெட்டிக்குப் பொட்டு வைத்தவன் யார் என்று தெரிந்துவிட்டது, அது அவர்களுக்கு நல்ல தமாஷ். பொட்டு வைக்காதவள் ஒருத்தி இரண்டு வாரமாகச் சிவப்பு முக்கோணத்தோடு படி ஏறி இறங்குகிறாள் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. விஜிக்கு இவர்கள் மேல் கோபம்கூட மிச்சமில்லை. அருவருப்பாக இருந்தது.

சாமிநாதன் தட்டுக்குக் கை நீட்டினார். விஜி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“சாமிநாதன் சார். ஆப்ல என் பேரு பக்கத்துல செவப்பா ஒண்ணு போட்டிருக்கீங்க. அத எடுங்க.”

“ஆமாமா, எடுத்துடலாம்மா. நாளைக்கு ஞாபகப்படுத்து.”

“இப்ப எடுங்க சார்.”

“கை எண்ணெயா இருக்கே” என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

விஜி கொசுவத்திலிருந்து நாப்கின் கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. சாமிநாதன் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“எடுத்தா மட்டும் பத்தாது. அத எல்லாரும் படிச்சிருக்காங்க. அதே இடத்துல எழுதுங்க.”

“மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு போடுடா, போதும்” என்றார் வெங்கடராமன்.

“யாரு வெச்சதுன்னு போடுங்க சார். எங்க வீட்ல குங்குமமே கெடையாது. நாங்க புத்த மதங்க. அன்னிக்கு நா இந்தக் கேட்டுக்குள்ளயே வரல, அதுவும் அதே ஆப்ல இருக்குது, பாத்துக்குங்க.”

சாமிநாதன் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். புதன், வியாழன் இரண்டும் காலியாக இருந்ததைக் கண்டு அவர் காது சிவந்தது. பிறகு முக்கோணத்தை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்தார். விஜி படிக்கச் சொன்னாள், அவர் வாய்விட்டுப் படித்தார்: பெட்டிக்குப் பொட்டு வைத்ததும் அதை ஈரத் துணியால் துடைத்ததும் இருநூற்று நான்காம் வீட்டு வெங்கடராமன், விஜி அன்று கட்டடத்துக்கே வரவில்லை, விசாரிக்காமல் எழுதியது செயலாளரின் தவறு. கடைசி வரியை அவரே சேர்த்திருந்தார். ஈரத் துணியைச் சொல்லிக்கொடுத்தது லாவண்யா. சமையலறை வாசலில் நின்று, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கணவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அனுப்பியதும் கூடத்திலிருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கின. மேல் மாடியில் லட்சுமம்மா வீட்டிலும் சிணுங்கியிருக்கும். விஜி தட்டை மேஜையில் வைத்தாள்.

அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, மாவுப் பாத்திரத்தை மட்டும் கழுவிக் கவிழ்த்தாள். மூன்று வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்த வீட்டுச் சாவியை அவிழ்த்து ஜன்னல் திட்டில் வைத்தாள். லாவண்யா அதைப் பார்த்தாள்.

வெங்கடராமன் உள்ளே வந்தார். குரலில் கோபத்தைவிடக் குறைதான் அதிகம் இருந்தது.

“காலையில நீ பெருக்கும்போது இது ஓடியிருக்குமே. அப்பவே பாத்துட்ட, இல்ல?”

“பாத்தேன் சார்.”

“ஒரு பட்டனை அழுத்தி நிறுத்தியிருக்கலாமே விஜி.”

விஜி கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தொடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க.”